மழை சீசனுக்கு முன் வீட்டைச் சோதிப்பது எப்படி? அரியாங்குப்பம் அரசுக் குடியிருப்பு மக்களுக்கு முழு வழிகாட்டி

தளம் ஒழுகுது, சுவரில் ஓதம் காக்குது, சன்ஷேடில் காரை பேர்ந்து விழுது. மழைக்காலம் வந்தாலே அரசுக் குடியிருப்புகளில் கேட்கும் பேச்சு இதுதான். "போன வருஷமும் இப்படித்தான் இருந்துச்சு, ஒண்ணும் ஆகலையே" என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் எந்த விரிசலை விடலாம், எந்த விரிசலைப் பார்த்ததும் வீட்டை விட்டு வெளியே வரணும் என்பது தெரிந்திருந்தால் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளலாம். சென்னை திருவொற்றியூரில் 24 குடும்பங்கள் தப்பியது அப்படித்தான்.

குடிசை மாற்று வாரிய அடுக்குமாடி, சுனாமிக் குடியிருப்பு, அரசு மானியத்தில் கட்டிய கல்வீடு என எதில் இருந்தாலும், வீட்டில் என்ன பார்க்கணும், எப்போ பார்க்கணும், யாரிடம் சொல்லணும்? விரிவாகப் பார்க்கலாம்.

அரியாங்குப்பத்துக்கு ஏன் கூடுதல் கவனம்?

புதுச்சேரி பகுதியில் 5 கொம்யூன் பஞ்சாயத்துகள் உள்ளன. அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு. இதில் அரியாங்குப்பத்துக்கு ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆறு. விழுப்புரம் மாவட்டத்திலிருந்து வரும் சங்கராபரணி, வில்லியனூரைத் தாண்டி கடலை நெருங்கும்போது அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என இரண்டாகப் பிரிகிறது. மேலே வீடூர் அணையில் தண்ணீர் திறந்தால் இங்கே ஆற்றில் மட்டம் ஏறும். அதே நேரத்தில் கடலில் ஏற்றம் இருந்தால், ஆற்று நீரும் வாய்க்கால் நீரும் வடிய நேரமாகும். அதாவது மழை நின்ற பிறகும் வெள்ளம் வரலாம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அதே இடத்தில் நின்றது. டிசம்பர் 1 காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் பெய்த மழை 46 செ.மீ.க்கும் மேல். அதற்கு முன் 2004 அக்டோபரில் ஒரே நாளில் 21 செ.மீ. பெய்ததுதான் பெரிய பதிவாகச் சொல்லப்பட்டது. அதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். மழை குறைந்த பிறகு டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட, தென்பெண்ணை கரையோரத்தில் உள்ள பாகூர் பகுதி கிராமங்கள் வெள்ளத்தில் சிக்கின. புதுச்சேரி அரசு குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது.

காற்றும் இந்தக் கரைக்குப் புதிதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது ஓட்டு வீடு, ஷீட் வீடு, மரம், மின்கம்பம் எதுவும் தப்பவில்லை.

வானிலை மையத்தின் நிற எச்சரிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது?

* கனமழை: 24 மணி நேரத்தில் சுமார் 6.5 முதல் 11.5 செ.மீ. வரை. பொதுவாக மஞ்சள்.
* மிகக் கனமழை: சுமார் 11.5 முதல் 20.4 செ.மீ. வரை. ஆரஞ்சு.
* அதி கனமழை: 20.4 செ.மீ.க்கு மேல். சிவப்பு.

ஃபெஞ்சல் மழை, சிவப்பு அளவின் தொடக்கத்தைவிட இரண்டு மடங்கு அதிகம் என்பதை நினைவில் வைத்தால், 'ரெட் அலர்ட்' என்ற வார்த்தையை சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

கடலோர வீட்டில் காரை ஏன் சீக்கிரம் பேர்ந்து விழுது?

பலரும் "கான்ட்ராக்டர் சிமெண்ட் கம்மியா போட்டுட்டான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கட்டுமானத் தரம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கடலோரத்தில் இன்னொரு காரணம் எப்போதும் வேலை செய்கிறது. அது உப்பு.

கடல் காற்றில் வரும் உப்பு, சுவரிலும் தளத்திலும் படிகிறது. தண்ணீர் ஊறும்போது அதோடு சேர்ந்து கான்கிரீட்டுக்குள் போகிறது. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கும். அப்படி உப்பும்போது மேலே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. முதலில் கம்பி போகும் வழியிலேயே நேர்கோட்டில் மெல்லிய விரிசல் தெரியும். பிறகு பழுப்பு நிறக் கறை. அடுத்து காரை பேரும். கடைசியில் துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும்.

கட்டும்போது உப்புத் தண்ணீர் போர்வெல்லிலிருந்து எடுத்துக் கலந்திருந்தாலோ, சரியாகக் கழுவாத கடல் மணலைப் போட்டிருந்தாலோ இந்தப் பிரச்சனை இன்னும் சீக்கிரம் வரும். இதில் ஒரு பாடம் இருக்கு. இப்போது நீங்கள் ரிப்பேர் செய்யும்போதும் சிமெண்ட் கலக்க நல்ல தண்ணீர்தான் பயன்படுத்தணும். உவர் தண்ணீரில் பூசினால், இந்த வருஷம் அடைத்த இடம் இரண்டு மூன்று வருஷத்தில் மறுபடி பேரும்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்குது. காரை விழுந்த இடத்தில் துருக் கம்பி மேலேயே சிமெண்ட் பூசி, பெயிண்ட் அடித்துவிடுவது. வெளியே பார்க்க நல்லா இருக்கும். உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும். சரியான முறை இது: தளர்ந்த கான்கிரீட்டை முழுசா தட்டி எடுக்கணும். கம்பியை இரும்பு பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் பண்ணணும். துரு தடுக்கும் பூச்சு அடிக்கணும். அதற்கப்புறம்தான் ஒட்டும் திறன் கூடிய கலவையால் பூசணும். கம்பி பாதி அளவுக்கு மெலிந்திருந்தால் கொத்தனாரை மட்டும் நம்பக் கூடாது, பொறியாளர் பார்க்கணும்.

எந்த விரிசல் ஆபத்து?

எல்லா விரிசலும் ஒன்றில்லை. வகை பிரித்துப் பார்க்கலாம்.

* தலைமுடி அளவு, வலை போல, பூச்சில் மட்டும்: பூச்சு காய்ந்ததால் வந்தது. பயப்பட வேண்டாம். ஆனால் வெளிச்சுவரில் இருந்தால் மழைத் தண்ணீர் இறங்கும். மழைக்கு முன் அடைத்துவிடலாம்.
* ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல்: அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். கவனிக்கணும்.
* ஒரு நாணயம் உள்ளே நுழையும் அளவு விரிசல்: பொறியாளர் பார்த்தே ஆகணும்.
* சுவரின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே இடத்தில் தெரியும் விரிசல்: சுவர் முழுசா பிளந்திருக்கு என்று அர்த்தம். உடனே புகார்.
* தூணிலோ, பீமிலோ விரிசல்: எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அலட்சியம் கூடாது.

விரிசல் வளருதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? செலவில்லாத வழி ஒன்று உண்டு. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்க. நடுவில் குறுக்கே சிமெண்ட் பாலோ, சுண்ணாம்போ சின்னதாக ஒரு பட்டையாகப் பூசிவிடுங்க. பட்டை காய்ந்த பிறகு அதுவும் விரிந்தால் சுவர் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு ஸ்கேலை பக்கத்தில் வைத்து மாதம் ஒரு போட்டோ எடுத்து வையுங்க. புகார் கொடுக்கும்போது இந்த போட்டோதான் உங்களுக்குச் சாட்சி.

கூரையைச் சோதிக்க ஒரு குச்சி போதும். ஒரு ஓரமாக நின்றுகொண்டு தளத்தை மெல்லத் தட்டிப் பாருங்க. 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்டால் சரி. 'டொப் டொப்' என்று உள்ளே காலியாகக் கேட்டால் பூச்சு பிரிந்திருக்கு. அந்த இடத்துக்குக் கீழே கட்டில், தொட்டில், பிள்ளைகள் படிக்கும் இடம் இருக்கக் கூடாது. ரிப்பேர் செய்யும்வரை இடம் மாற்றிப் படுப்பது இன்றைக்கே செய்யக்கூடிய பாதுகாப்பு.

திருவொற்றியூரில் என்ன நடந்தது?

2021 டிசம்பர் 27. சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளம் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு. 1990-களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட கட்டடம். அதில் ஒரு பிளாக்கில் விரிசல் பெரிதாவதை அங்கிருந்தவர்கள் கவனித்தார்கள். "பார்த்துக்கலாம்" என்று உள்ளே இருக்கவில்லை. வெளியே வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் 24 வீடுகள் கொண்ட அந்த பிளாக் அப்படியே இடிந்து விழுந்தது. பொருள் எல்லாம் போனது. ஆனால் ஒரு உயிர்கூடப் போகவில்லை. தமிழ்நாடு அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி.பார்க் அடுக்குமாடியில், புதிதாகக் கட்டிய வீட்டிலேயே கையால் தொட்டால் பூச்சு உதிர்ந்தது பெரிய விவகாரமானது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் நிபுணர்களைக் கொண்டு ஆய்வு நடத்தப்பட்டது. பழைய கட்டடம் மட்டும்தான் ஆபத்து, புதுசு என்றால் நிம்மதி என்று நினைப்பது சரியில்லை என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

வீட்டை விட்டு உடனே வெளியேற வேண்டிய அறிகுறிகள்

* நேற்று இல்லாத விரிசல் இன்று தெரிகிறது, மணிக்கணக்கில் அகலமாகிறது.
* சுவரிலிருந்தோ தளத்திலிருந்தோ 'பட் பட்' என்று சத்தம், தொடர்ந்து மண் உதிர்வது.
* சுலபமாகத் திறந்த கதவு, ஜன்னல் திடீரென இறுகிப்போவது.
* தளம் நடுவில் தொய்வது, சுவர் வெளிப்பக்கம் உப்புவது.
* கட்டடத்தை ஒட்டி நிலம் உள்வாங்குவது, பக்கத்தில் பள்ளம் தோண்டிய பிறகு தரையில் புதிய பிளவு.

இதில் ஒன்று தெரிந்தாலும் மேல் வீடு, கீழ் வீடு எல்லோரையும் எழுப்பி வெளியே வரணும். டி.வி., பீரோ எடுக்க மறுபடி உள்ளே போகக் கூடாது. கட்டடத்தின் உயரத்தைவிட அதிக தூரம் தள்ளி நிற்கணும். பிறகு 112 அல்லது 101-க்குப் போன் பண்ணலாம்.

மொட்டை மாடி: தண்ணீரின் கனம் தெரியுமா?

மழைக்கு முன் ஒரே ஒரு வேலை செய்ய நேரம் இருக்கு என்றால், மாடிக்குப் போய் தண்ணீர் போகும் குழாய் வாயைச் சுத்தம் பண்ணுங்க. காரணம் சின்னக் கணக்கு. 400 சதுர அடி மாடியில் 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் எடை சுமார் 3.7 டன். காய்ந்த இலை, பிளாஸ்டிக் கவர், உடைந்த விளையாட்டுப் பொருள் ஏதாவது ஒன்று குழாயை அடைத்தால் போதும். ஃபெஞ்சல் மாதிரி ஒரு நாளில் 46 செ.மீ. பெய்தால் எவ்வளவு தேங்கும் என்று யோசித்துப் பாருங்க.

மாடியில் கவனிக்க வேண்டியவை:

* குழாய் வாயில் கம்பி வலை வையுங்க. வாரம் ஒருமுறை, மழை நேரத்தில் தினமும் பாருங்க.
* சுருக்கித் தளத்தில், ஓட்டில் விரிசல் இருந்தால் வெயில் காலத்திலேயே அடைக்கணும். ஈரத்தில் பூசினால் ஒட்டாது.
* சுவரில், கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரச மரம், ஆல மரக் கன்றை விரல் அளவு இருக்கும்போதே வேரோடு எடுங்க. மேலே வெட்டினால் வேர் உள்ளே தடித்து சுவரைப் பிளக்கும்.
* 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் ஒரு டன் எடை. தளத்தின் நடுவில் வைக்கக் கூடாது. எங்கே வைப்பது என்று பொறியாளரிடம் கேளுங்க.
* உடைந்த செங்கல், பழைய மணல், ஓடாத வண்டி உதிரி எல்லாம் மாடியில் சேர்க்காதீங்க.
* சன்ஷேடு மேல் பூந்தொட்டி வேண்டாம். மழைக்கு ஒதுங்குவதற்குக்கூட காரை பேர்ந்த சன்ஷேடுக்குக் கீழே நிற்க வேண்டாம்.
* ஷீட் போட்ட வீடு என்றால் கொக்கி போல்ட், நட்டு எல்லாம் இறுகி இருக்கா பாருங்க. காற்று முதலில் தூக்குவது ஓரத்து ஷீட்டைத்தான்.

சுவரை உடைக்கலாமா?

இடம் பத்தவில்லை என்று நடுச்சுவரை எடுப்பது, கூடுதலாகக் கதவு வைப்பது, பால்கனியை அறையாக்குவது அடுக்குமாடிகளில் சகஜம். தூண் இல்லாத பழைய கட்டடங்களில் சுவர்தான் மேல் தளத்தைத் தாங்குகிறது. தரைத் தளத்தில் ஒருவர் சுவரை எடுத்தால் ஆபத்து அவருக்கு மட்டும் இல்லை, மேலே இருக்கும் எல்லா வீட்டுக்கும்தான். பெயிண்ட், குழாய் வாஷர், சின்னப் பூச்சு வேலை போன்றவற்றை நீங்களே செய்துகொள்ளலாம். சுவர், தளம், தூண் சம்பந்தப்பட்ட எதற்கும் வீட்டை ஒதுக்கிய துறையின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. ஒதுக்கீட்டு ஆணையில் உள்ள நிபந்தனைகளை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்க.

கரண்ட்: மழைக்காலத்தில் முதல் எதிரி

ஈரச் சுவரில் கை வைத்தால் 'சுர்' என்று இருக்கா? அது ஓதம் இல்லை, மின்கசிவு. உடனே மெயினை ஆஃப் செய்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடணும்.

* 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள ஆர்.சி.சி.பி. பொருத்துங்க. கசிவு வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் கரண்ட்டை நிறுத்தும். சாதாரண எம்.சி.பி. ஷாக்கிலிருந்து காப்பாற்றாது, அது வயரைக் காப்பாற்றத்தான். ஆர்.சி.சி.பி.யில் உள்ள 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்க.
* எர்த் கம்பி துண்டாகி இருக்கா, கம்பியில் இறுகி இருக்கா என்று பாருங்க.
* மீட்டர் பெட்டி மேல் தண்ணீர் ஒழுகினால் நீங்களே தொட வேண்டாம். மின்துறைக்குச் சொல்லுங்க.
* சர்வீஸ் வயர் பக்கத்தில் இரும்புக் கொடிக் கம்பி கட்டித் துணி காயப்போடாதீங்க.
* தண்ணீர் வீட்டுக்குள் வரும் முன்பே மெயினை ஆஃப் பண்ணணும். தண்ணீரில் நின்றுகொண்டு ஸ்விட்ச் போர்டைத் தொடக் கூடாது.
* நனைந்த ஃபிரிட்ஜ், மோட்டார், மிக்ஸியை முழுசா காய்ந்த பிறகு, சோதித்த பிறகே போடணும்.
* அறுந்த கம்பி ரோட்டில் கிடந்தால் கரண்ட் இல்லை என்று நினைக்காதீங்க. யாரையும் பக்கத்தில் விடாமல் 1912-க்குத் தகவல் சொல்லுங்க.

கழிவறையில் வரும் வாயு: மறக்கக் கூடாத ஒரு சம்பவம்

2024 ஜூன் 11. புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாள சாக்கடையிலிருந்து கழிவறை வழியாக வீட்டுக்குள் விஷவாயு வந்தது. கழிவறைக்குப் போனவர் மயங்கி விழுந்தார். காப்பாற்றப் போனவரும் விழுந்தார். ஒரு சிறுமி உட்பட 3 பேர் உயிரிழந்தனர். பக்கத்துத் தெரு மக்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

இப்படி வராமல் தடுப்பது எது? கழிவறைக் கோப்பைக்குக் கீழே வளைந்து இருக்கும் 'டிராப்'. அதில் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவுக்குப் பூட்டு. டிராப் இல்லாமல் நேராகச் சாக்கடையில் இணைத்தாலோ, பூட்டிக் கிடக்கும் வீட்டில் அந்தத் தண்ணீர் வற்றிவிட்டாலோ வாயு நேராக வீட்டுக்குள் வரும்.

* பயன்படுத்தாத கழிவறை, குளியலறை வடிகாலில் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுங்க.
* அழுகின முட்டை நாற்றம் வந்தால் கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாங்க. நாற்றம் திடீரென நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. அளவு அதிகமானால் மூக்குக்கு அந்த வாடையே தெரியாது.
* உள்ளே ஒருத்தர் மயங்கிக் கிடந்தால் நீங்களும் ஓடிப்போய்த் தூக்கப் பார்க்காதீங்க. 101, 108-க்குப் போன் செய்யுங்க. மூச்சுக் கருவியோடு வருபவர்கள்தான் உள்ளே போகணும்.
* செப்டிக் டேங்க்கில் எந்தக் காரணத்துக்கும் ஆளை இறக்கக் கூடாது. அது 2013-ம் ஆண்டு சட்டப்படி குற்றமும்கூட. லாரி வைத்துத்தான் எடுக்கணும். மழைக்கு முன்பே எடுத்துவிட்டால் வெள்ளத்தில் கழிவு மேலே ஏறி வருவதையும் குறைக்கலாம்.

குடிதண்ணீர், கொசு, பாம்பு

வெள்ளம் வந்த பிறகு சம்புக்குள் சாக்கடைத் தண்ணீர் கலந்திருக்கலாம். முழுசா இறைத்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, குளோரின் போட்ட பிறகே பயன்படுத்தணும். தெளிவான தண்ணீருக்குப் பொதுவாக 1,000 லிட்டருக்கு சுமார் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். கலங்கல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அளவு கேளுங்க. குடிக்கும் தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிஷமாவது இருக்கணும்.

டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற 7 முதல் 10 நாள்தான். அதனால் வாரம் ஒருநாள் தொட்டி, டிரம், ஃபிரிட்ஜ் பின்பக்கத் தட்டு, பூந்தொட்டித் தட்டு, மாடியில் கிடக்கும் டயர் எல்லாவற்றையும் கவிழ்த்துக் காயவைத்தால் அந்தச் சுற்றையே உடைத்துவிடலாம்.

தண்ணீர் ஏறினால் பாம்பும் மேட்டைத் தேடி வரும். செருப்பு, விறகு, துணி மூட்டையை உதறிப் பார்த்து எடுங்க. கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகணும்.

எந்த மாதத்தில் எந்த வேலை?

* தை, மாசி: மழையில் எங்கே ஒழுகியது என்பது மறக்கும் முன் எழுதி வைத்து, துறைக்கு மனு கொடுக்க நல்ல நேரம்.
* பங்குனி முதல் ஆனி வரை: தளம், வெளிச்சுவர், கம்பி ரிப்பேர் எல்லாம் இப்போதுதான். மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வீட்டுக்குள் வெக்கையும் குறையும். ஒரே பிளக்கில் பல மின்சாதனம் போடுவதைத் தவிர்க்கணும். கூரை வீடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வெளியே போகணும்.
* ஆடி, ஆவணி: காற்றுக்கு முன் ஷீட், கதவு, ஜன்னல் தாழ்ப்பாள், வீட்டின் மேல் சாயும் மரக்கிளை.
* புரட்டாசி: மாடிக் குழாய், வாய்க்கால், செப்டிக் டேங்க், வயரிங். இதுதான் கடைசித் தேதி.
* ஐப்பசி, கார்த்திகை, மார்கழி: தினசரிக் கண்காணிப்பு. தீபாவளி ராக்கெட் வைக்கோல், கீற்றுக் கொட்டகைப் பக்கம் போகாமல் பார்ப்பதும் இதில் சேரும். தானே புயல் மார்கழியில்தான் வந்தது. டிசம்பர் முடியும்வரை பையைப் பிரிக்க வேண்டாம்.

யாரிடம் புகார் கொடுப்பது?

புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக 2006-ல் நடந்தது. அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்துவிட்டது. அதனால் வார்டு உறுப்பினர் மூலம் சொல்லலாம் என்ற வழி நீண்ட காலமாக மக்களுக்கு இல்லாமல் போனது. எனவே எழுத்தில் கொடுப்பது ரொம்ப முக்கியம்.

* வாய்க்கால், தெரு விளக்கு, குப்பை: கொம்யூன் பஞ்சாயத்து ஆணையர் அலுவலகம்.
* கட்டட விரிசல், தளம், பொதுப் படிக்கட்டு, பொதுத் தொட்டி: வீட்டை ஒதுக்கிய வாரியம் அல்லது துறை. ஒதுக்கீட்டு ஆணையின் மேல்பகுதியில் எந்த அலுவலகம் என்று இருக்கும்.
* வெள்ளம், வீடு சேதம்: கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார்.

மனுவில் பிளாக், கதவு எண், எந்தத் தளம், விரிசல் எங்கே, எப்போது முதல் என்பதோடு "கட்டட உறுதித்தன்மை ஆய்வு செய்ய வேண்டும்" என்று தெளிவாகக் கேளுங்க. வெறும் "ரிப்பேர் செய்து தரவும்" என்றால் பூச்சு வேலையோடு முடிந்துபோக வாய்ப்பு அதிகம். ஒரு வீட்டுக்காரர் தனியாகப் போவதைவிட பிளாக் முழுக்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வலு கூடும். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீங்க.

பதில் வரவில்லையா? 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. "எங்கள் கட்டடம் கடைசியாக எப்போது ஆய்வு செய்யப்பட்டது, ஆய்வறிக்கை நகல் தாருங்கள்" என்று கேட்டால் 30 நாளில் பதில் தரணும். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தரணும் என்று சட்டத்திலேயே இருக்கு. கட்டடம் ஆபத்தான நிலையில் இருந்தால் அதை மனுவில் குறிப்பிடுங்க.

வீடு சேதமானால் நிவாரணம் எவ்வளவு?

மத்திய அரசின் 2022-26 பேரிடர் நிவாரண விதிமுறைப்படி, சமவெளியில் முழுசா இடிந்த வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய். குறைந்தது 15 சதவீதம் சேதமான கல்வீட்டுக்கு 6,500 ரூபாய், மண் வீட்டுக்கு 4,000 ரூபாய். சேதமான குடிசைக்கு 8,000 ரூபாய். இது அடிப்படை அளவுதான். அரசு தனியாகக் கூடுதலாக அறிவிப்பதும் உண்டு. எதுவானாலும் சேதத்தைச் சுத்தம் செய்யும் முன் போட்டோ, வீடியோ எடுத்து வைப்பது அவசியம். அதிகாரி வரும்போது இடம் காய்ந்து, கழுவி இருந்தால் சேதத்தை நிரூபிப்பது கஷ்டம்.

புயல் எச்சரிக்கை வந்ததும் பையில் என்ன இருக்கணும்?

* வீட்டு ஒதுக்கீட்டு ஆணை, பட்டா, குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ். எல்லாம் பிளாஸ்டிக் உறையில். போட்டோ எடுத்து வேறு ஊரில் உள்ள சொந்தக்காரருக்கும் அனுப்பி வைக்கலாம்.
* ஒரு வாரத்துக்கான சர்க்கரை, பி.பி., ஆஸ்துமா மாத்திரைகள், மருந்துச் சீட்டு.
* டார்ச், பவர் பேங்க், தண்ணீர், பிஸ்கட், குழந்தைக்குப் பால் பவுடர், பெண்களுக்கு நாப்கின்.
* கிளம்பும் முன் கேஸ் ரெகுலேட்டரை மூடுங்க. சிலிண்டரை மிதந்து போகாதபடி நிமிர்த்திக் கட்டி வையுங்க. மெயின் ஸ்விட்ச் ஆஃப்.
* மாடு, ஆடு இருந்தால் அவிழ்த்துவிட்டுப் போங்க. கட்டிப்போட்டால் அதுகளால் தப்பிக்க முடியாது.

தரைத் தளத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர், தனியாக இருக்கும் முதியவர், கர்ப்பிணி யார் யார் என்ற பட்டியல் ஒவ்வொரு பிளாக்கிலும் இருக்கணும். அவர்களை யார் கூட்டிப்போவது என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்துவிட்டால், நள்ளிரவில் தண்ணீர் ஏறும்போது யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தேட வேண்டியதில்லை.

போனில் சேமிக்க வேண்டிய எண்கள்

* எல்லா அவசரத்துக்கும்: 112
* தீயணைப்பு: 101
* ஆம்புலன்ஸ்: 108
* பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1070, 1077
* மின் புகார்: 1912
* கேஸ் கசிவு: 1906